ஆரல்வாய்மொழியில் கொண்டை ஊசி வளைவு எத்தனை?

ஜூன் 28, 2024 – ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டது

ஜூலை மூன்றாவது வாரம் காரில் கன்னியாகுமரி வருகிறோம். நான், மனைவி, எட்டு வயதுப் பையன், என் அம்மா. வரைபடத்தில் காவல்கிணறு தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய் என்று போட்டிருக்கிறது. மலைப்பாதை எனக்குப் புதிதில்லை, திம்பம் பத்துத் தடவையாவது ஏறியிருப்பேன். இங்கே கொண்டை ஊசி வளைவு எத்தனை? வளைவு என்றாலே அம்மாவுக்கு வாந்தி. இருட்டிய பிறகு ஏறலாமா, இல்லை வள்ளியூரில் தங்கிவிட்டுக் காலையில் ஏறுவது நல்லதா?

ஜூன் 28, இரவு – பூதப்பாண்டி டாக்சிக்காரன் பதில்

ஒன்றுகூட இல்லை. மாத்திரை வேண்டாம்.

ஜூன் 29

திருவனந்தபுரம் சவாரி போய்விட்டு வந்த அசதியில் நேற்று ஒரு வரியோடு படுத்துவிட்டேன். அதைக் கிண்டல் என்று நினைத்து இரண்டு பேர் கோபித்திருக்கிறார்கள். கிண்டல் இல்லை. உண்மையிலேயே ஒன்றுகூட இல்லை. திம்பத்தில் 27 வளைவு ஏறிய மனிதர் இங்கே வந்தால், கணவாய் எப்போது வரும் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார்.

கணவாய் என்றதும் ஏறி இறங்குவது என்று எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் ஈரோட்டுக்காரர், கோயம்புத்தூர் வழியாகப் பாலக்காடு போயிருப்பீர்கள். வாளையாறு தாண்டும்போது மலை ஏறினீர்களா? அதுவும் கணவாய்தான். மேற்குத்தொடர்ச்சி மலை சுவர் மாதிரி தெற்கே இறங்கி வந்து, மகேந்திரகிரிக்குக் கீழே ஒரு வாசலை விட்டுவிட்டு, பிறகு மருந்துவாழ்மலை வரைக்கும் துண்டு துண்டாகப் போகிறது. அந்த வாசல்தான் ஆரல்வாய்மொழி. வாசலுக்கு எதற்கு வளைவு?

இன்னொன்று. காவல்கிணற்றில் நேராகப் போனால் கன்னியாகுமரி, வலது பக்கம் திரும்பினால்தான் நாகர்கோவில். நேராகப் போகிற நான்குவழிச் சாலையில் உங்களுக்குக் கணவாயே வராது. கணவாய் வேண்டுமென்றால் வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பிய பிறகும் புதுச்சாலையிலேயே பறந்தால் ஒன்றும் தெரியாது. பழைய சாலையைப் பிடித்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி, தோவாளை, வெள்ளமடம் என்று ஊருக்குள் வாருங்கள்.

இரவில் வரலாமா என்றால் வரலாம். ஆனால் பார்க்க வருகிறவர் இருட்டில் எதற்கு வரவேண்டும்?

ஜூன் 29, மறுபடி

வலது பக்கம் பார்த்துக்கொண்டு வரச் சொல்ல மறந்துவிட்டேன். வள்ளியூர் தாண்டியதுமே வலது கைப்பக்கம் மலை கூடவே வர ஆரம்பிக்கும். பணகுடி பக்கம் வரும்போது மேகம் உட்கார்ந்திருக்கிற உச்சி எதுவோ அது மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில்தான் ராக்கெட் எஞ்சினைச் சோதித்துப் பார்க்கிற இஸ்ரோ வளாகம் இருக்கிறது. பையனுக்குச் சொல்லுங்கள், உள்ளே விடுவார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஜூலை 1

சரி, வளைவு இல்லை, ஏற்றம் இல்லை, அப்படியானால் ஆபத்தும் இல்லைதானே என்று ஒருவர் கேட்கிறார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. நீங்கள் வருவதாகச் சொல்கிற ஜூலை மூன்றாவது வாரம் என்பது ஆடி முதல் வாரம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அதை யாரும் பழமொழியாக எடுத்துக்கொள்வதில்லை. அரபிக்கடலிலிருந்து வருகிற தென்மேற்குக் காற்றை மலை முழுக்க அடைத்து நிற்கிறது. இந்த வாசலில் மட்டும் திறப்பு. அகலமான வாய்க்கால் தண்ணீர் மதகில் நுழையும்போது எப்படிச் சீறுமோ அப்படி வரும். தமிழ்நாட்டில் காற்றாலைக்குப் பேர்போன இடங்களை எண்ணிப் பாருங்கள்: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம். எல்லாமே மலைக்கு நடுவில் இருக்கிற வாசல்கள். முப்பந்தலைச் சுற்றி நிற்பது மட்டும் சுமார் 1,500 மெகாவாட்.

நான் பதினாறு வருஷம் தோவாளைப் பூச்சந்தை வண்டி ஓட்டினேன். இப்போது சொந்தமாக ஒரு டாக்சி. அதனால் இந்தக் காற்றை எனக்குக் கண்ணாடி வழியாக இல்லை, ஸ்டீயரிங் வழியாகத் தெரியும்.

நாகர்கோவிலை நோக்கி வரும்போது காற்று நேர் எதிரே. வண்டி ஆடாது, ஆனால் இழுக்காது. டாடா ஏஸில் நாலாவது கியரில் வந்துகொண்டிருப்பேன், முப்பந்தல் நெருங்கும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி வேகம் குறையும். மூன்றுக்கு மாற்றினால்தான் நகரும். சமதளத்தில். அதனால் மலை ஏற்றம் வேண்டும் என்கிறவருக்கு அந்தக் குறையும் இல்லை, டீசல் கணக்கில் பார்த்தால் ஏற்றம்தான்.

ஆபத்து நேராகப் போகிற சாலையில். காவல்கிணற்றிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை தெற்கே போகிறது, காற்று மேற்கே இருந்து வருகிறது. அதாவது உங்கள் வலது தோளில். வண்டியை ஒரு வாக்கில் இடது பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், நீங்களும் தெரியாமலே ஸ்டீயரிங்கை வலது பக்கம் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள். அப்போது வலது பக்கம் ஒரு கண்டெய்னர் லாரி உங்களை ஓவர்டேக் செய்கிறது என்று வையுங்கள். அது பக்கத்தில் வந்த நொடியில் காற்று நின்றுவிடும். பிடித்திருந்த கை பிடித்தபடியே இருப்பதால் வண்டி லாரியைப் பார்த்துப் போகும். பதறி இடது பக்கம் ஒடிப்பீர்கள். அதற்குள் லாரி தாண்டிவிடும், நின்றிருந்த காற்று மொத்தமாக வந்து அறையும். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் வண்டி மண்ணில் இறங்கும்.

2011 ஆடியில் எனக்கு அப்படித்தான் ஆனது. கன்னியாகுமரியில் கல்யாண மண்டபத்துக்குப் பூ இறக்கப் போகிற வழி. மாலைக் கூடைகளாக இருந்ததால் வண்டியில் கனமே இல்லை. காலி வண்டியும் பூ ஏற்றிய வண்டியும் காற்றுக்கு ஒன்றுதான். தார்ப்பாய் ஒரு மூலையில் கயிறு அறுந்து பாய்மரமாக நிமிர்ந்துவிட்டது. பனைமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். மாலை எதுவும் சேதமில்லை. உதிரிப் பூ ஒரு கூடை மட்டும் ராதாபுரம் தாலுகாவுக்குப் போய்விட்டது.

ஜூலை 2

வள்ளியூர்க்காரர் ஒருவர் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, காத்துன்னா உங்களுக்குத்தான் காத்தா? உங்க பக்கம் மழையைப் பூரா நீங்களே வச்சுக்கிட்டு, வெறுங்காத்தைத்தானே இந்தப் பக்கம் அனுப்புறீங்க" என்று எழுதியிருக்கிறார். நியாயம். நாஞ்சில்நாட்டுக்கு இரண்டு பருவ மழையும் உண்டு, பணகுடிப் பக்கம் பனையும் உடைமுள்ளும்தான். ஈரோட்டுத் தம்பி கவனித்துக்கொண்டு வந்தால் இதை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். காவல்கிணறு வரைக்கும் காய்ந்த மண், கணவாயைத் தாண்டித் தோவாளை வந்ததும் வயலும் குளமும் தென்னையும். அரைமணி நேர ஓட்டத்தில் வேறு நாட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

வேறு நாடாகவே இருந்ததுதான். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பக்கம் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. ஆரல்வாய்மொழியில் சவுக்கை, அதாவது சுங்கச்சாவடி உண்டு, மூட்டையைப் பிரித்துக் காட்டாமல் போக முடியாது என்று என் தாத்தா சொல்லுவார். அவர் மூட்டையில் என்ன வைத்திருந்தார் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

ஜூலை 4

மலைப்பாதைதான் வேண்டும், வளைவு இருந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. அம்மாவை அறையில் விட்டுவிட்டு வாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, காளிகேசம். பூதப்பாண்டி எங்கள் ஊர், பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர். ஊருக்குப் பின்னால் தெரிவது தாடகை மலை. பெண் ஒருத்தி மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி இருக்கும். ராமன் அம்பு பட்டு விழுந்த தாடகை என்பார்கள். எனக்குச் சின்ன வயதில் நெற்றியும் மூக்கும் தெரிந்தது, இப்போது என்னவோ வயிறு மட்டும்தான் தெரிகிறது.

தடிக்காரன்கோணம் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர். கீரிப்பாறையில் அரசு ரப்பர் தோட்டம். வெயில் உள்ளே வராது, சாலை ஈரமாகவே இருக்கும், விழுந்த இலை அதன் மேல் வழுக்கும். காளிகேசத்தில் ஆறும் காளி கோவிலும். வனத்துறைச் சோதனைச்சாவடி உண்டு. மழை கனத்தால் விடமாட்டார்கள், சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். யானை இறங்குகிற காடு, மரியாதையாக இருந்துகொள்ளுங்கள்.

அதற்கு மேலே இன்னும் போக வேண்டும் என்றால் பேச்சிப்பாறை அணை வழியாக மேல் கோதையாறு போகலாம், குளிருக்குக் குளிர், வளைவுக்கு வளைவு.

ஜூலை 4, இரவு

கடைசி வரியை அடித்துவிடுங்கள், தப்பு. பேச்சிப்பாறை வழியாகக் காரில் போக முடிவது கீழ்க் கோதையாறு வரைக்கும்தான். அங்கே மின்நிலையம். அங்கிருந்து மேலே போவது மின்வாரியத்தின் விஞ்ச் (கம்பியில் இழுக்கிற வண்டி), அது உங்களுக்கும் எனக்கும் இல்லை. மேல் கோதையாறுக்குச் சாலை திருநெல்வேலிப் பக்கமாக, மணிமுத்தாறு ஏறி மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று சுற்றிக்கொண்டு போகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் நகராது. கம்பம் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் யானையை 2023 ஜூனில் கொண்டுபோய் விட்ட காடு அதுதான். அனுமதி கேட்பதற்கு முன்னால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மாவட்டத்தில் வண்டி ஓட்டுகிறவன் இப்படி எழுதலாமா என்று என் மைத்துனன் போன் செய்து கேட்டான். எழுதியிருக்கக் கூடாது.

ஜூலை 7

கீரிப்பாறை என்று எழுதியதிலிருந்து ஒரு வாசம் மூக்கிலேயே நிற்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

1998. பூ வண்டிக்கு வருவதற்கு முன்னால் ஒரு வருஷம் எஸ்டேட் ஜீப் ஓட்டினேன். கீரிப்பாறைக்கு மேலே மாறாமலை, கிராம்பு விளைகிற மலை. கன்னியாகுமரிக் கிராம்புக்கு இப்போது புவிசார் குறியீடு எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அப்போது எங்களுக்கு அது வெறும் மூட்டை. மொட்டைப் பறித்துப் பாயில் காயப்போட்டு, பழுப்பாகிக் கையில் ஒடிகிற பதம் வந்ததும் கட்டி அனுப்புவார்கள். ஜீப் நிறைய மூட்டை, அதற்கு மேலே ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், கீழே பூதப்பாண்டியில் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

எனக்கு வயது இருபத்துமூன்று. டீசல் மிச்சம் பிடித்தால் முதலாளி மெச்சுவார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு பிரேக்கிலேயே இறங்கினேன். ஐந்தாறு வளைவு சுகமாகப் போனது. பிறகு மிதி கொஞ்சம் ஆழமாகப் போவது மாதிரி இருந்தது. பிரேக் லைனிங் சூடேறினால் ஒரு கருகல் வாசம் வரும், ஓட்டத் தெரிந்த எவனுக்கும் அது தெரிந்துவிடும். எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வண்டி முழுக்கக் கிராம்பு. காரமாக, இனிப்பாக, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அந்த வாசத்துக்குள் இன்னொரு வாசம் எங்கே நுழையும்?

அடுத்த வளைவில் மிதித்தேன், மிதி தரையைத் தொட்டது, ஜீப் நிற்கவில்லை. மேட்டுப் பக்கம் மண் கரை இருந்தது. அதில் சைடு வாங்கித் தேய்த்துக்கொண்டே போய் ஒரு ரப்பர் மரத்தில் முட்டி நின்றேன். மரத்தில் கட்டியிருந்த சிரட்டையிலிருந்து பால் கொட்டி பானெட் எல்லாம் வெள்ளை. பெரியவர் மேலிருந்து இறங்கி வந்தார், வெற்றிலையைத் துப்பினார். "எந்தக் கியர்ல ஏறினியோ அந்தக் கியர்ல எறங்கணும் மக்கா. ஏறும்போ எஞ்சின் வேலை பாக்கும், எறங்கும்போ பிரேக்கு வேலை பாக்கும்னு நெனைச்சியா? ரெண்டுக்கும் எஞ்சின்தான்." அவ்வளவுதான் சொன்னார். முதலாளியிடம் ஒரு வார்த்தை போடவில்லை. பானெட்டில் காய்ந்த பாலை உரித்தெடுக்க எனக்கு ஒரு நாள் ஆனது.

திம்பம் ஏறியவருக்கு இது தெரிந்த சேதிதான். ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஜூலை 9

காற்றாலையைப் படம் எடுக்க நல்ல இடம் எது என்று கேட்டிருக்கிறார். இடத்தை விட முக்கியம் திசை. காற்றாலை எப்போதும் காற்றைப் பார்த்துத்தான் முகம் வைக்கும். ஆடியில் காற்று மேற்கே இருந்து வருவதால் அத்தனையும் மேற்கே பார்த்து நிற்கும். காவல்கிணற்றிலிருந்து வருகிறவருக்கு முதுகுதான் தெரியும். நாகர்கோவிலிலிருந்து கிழக்கே போகிறவருக்கு முகம் தெரியும். ஆகவே முப்பந்தல் தாண்டி வந்து, வண்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்று எடுங்கள்.

பழைய இயந்திரம் எது, புதியது எது என்று பையன் கேட்டால்: மின்கோபுரம் மாதிரி கம்பிப் பின்னலில், குள்ளமாக, அவசர அவசரமாகச் சுற்றுவது பழசு. 225, 250 கிலோவாட் எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. ஒற்றைக் குழாய்த் தூண் மேலே, உயரமாக, சோம்பலாகச் சுற்றுவது புதுசு. சோம்பல் என்பது தூரத்துப் பார்வைதான், இறக்கையின் நுனி நம் காரை விட வேகமாகப் போகிறது. அந்த இறக்கை ஒன்றை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் வந்து காவல்கிணற்றில் திரும்புவதை ஒரு நாள் ராத்திரி முழுசாகப் பார்த்தேன். முன்னால் இருப்பவன் திரும்பி முடித்து டீ குடித்துவிடலாம், பின்சக்கரம் இன்னும் பழைய சாலையில் இருக்கும்.

அப்புறம், முப்பந்தலில் இசக்கியம்மன் கோவில். நிற்காவிட்டாலும் வேகத்தைக் குறைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவது ஓட்டுநர்கள் வழக்கம். சேர சோழ பாண்டியர் மூவரும் பந்தல் போட்டுக் கூடிய இடம், அதனால் முப்பந்தல் என்று கதை. அந்தக் காற்றில் மூன்று பந்தல் எப்படி நின்றது என்று கதை சொன்னவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஜூலை 10

கேட்டுவிட்டார்கள். "மார்கழியில் போட்டிருப்பார்கள்" என்று வள்ளியூர்க்காரர். ஒத்துக்கொள்கிறேன்.

ஜூலை 13

பார்க்க என்ன இருக்கிறது என்று முதல் நாளே நான் அலட்சியமாகப் பேசிவிட்டதாகத் தோன்றுகிறது. இரண்டு இடம் சொல்கிறேன்.

ஒன்று, கோட்டைச் சுவரின் மிச்சம். திருவிதாங்கூருக்குள் படை நுழைய வேண்டுமானால் இந்த வாசல்தான் வழி, அதனால் மலைக்கும் மலைக்கும் நடுவே சுவர் எழுப்பியிருந்தார்கள். எங்கள் மாவட்டத்துத் தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்தபோது, 1809 பிப்ரவரி 10 அன்று இந்த அரணை அவர்கள் பிடித்தார்கள். எப்படி? வாசலில் மோதவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் தெற்குப் பக்க மலையில் ஏறி மேலிருந்து இறங்கினார்கள். ஆரல்வாய்மொழியில் மலை ஏறிப் புண்ணியம் கட்டிக்கொண்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

இரண்டு, காற்றாடிமலை. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்ற இடம். 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள், அன்றைக்கு இந்தச் சாலையில் வண்டி நகரவில்லை. அங்கே மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு. கல்லால் தட்டினால் வெண்கலம் மாதிரி ஓசை வரும். தட்டித் தட்டிக் குழி விழுந்த இடத்திலேயே தட்ட வேண்டும், பக்கத்தில் தட்டினால் சாதாரணக் கல்தான். பையனை அங்கே விட்டால் அரைமணி நேரத்துக்குக் கவலை இல்லை.

மூன்றாவதாகத் தோவாளை. விடியற்காலை வந்தால்தான் சந்தை. மதுரை, திண்டுக்கல், ராயக்கோட்டை, சத்தியமங்கலம் என்று எங்கிருந்தோ வருகிற பூ இங்கே கைமாறிக் கேரளாவுக்குப் போகும். மாணிக்கமாலை கட்டுகிறவர்கள் கையைப் பாருங்கள், பூவைப் பார்க்க வேண்டாம். சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் நொச்சி இலையும் மடிந்து மடிந்து, பாய் பின்னுகிற மாதிரித் தட்டையாக இறங்கும். நான் பதினாறு வருஷம் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், ஒரு முழம்கூடக் கட்ட வரவில்லை.

ஜூலை 22 – ஈரோட்டுத் தம்பி எழுதியது, அப்படியே போடுகிறேன்

அண்ணா, வந்துவிட்டுப் போனோம். அம்மாவுக்கு வாந்தி இல்லை. பையன் முப்பந்தலில் 214 வரை எண்ணினான், நிற்பவற்றைத் தனியாக எண்ண வேண்டும் என்று அழுதான். நீங்கள் சொன்னபடி வண்டியைத் திருப்பி நிறுத்தி, படம் எடுக்கக் கதவைத் திறந்தேன். கதவு என் கையில் இல்லை. அப்படியே முன்னால் மடங்கி, கீல் வளைந்துவிட்டது. ஊர் வரைக்கும் கயிறு கட்டி ஓட்டி வந்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது.

ஜூலை 22, இரவு

அது என் தப்பு. ஜூலை 9 குறிப்பை மறுபடி படித்துப் பார்த்தேன். திருப்பிப் போட்டு நில் என்று சொன்னவன், திருப்பிப் போட்டால் காற்று முதுகில் வரும், கதவைப் பின்னாலிருந்து பிடுங்கும் என்று சொல்லவே இல்லை. மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தினால் காற்றே கதவை மூடும், திறப்பதுதான் கஷ்டம். முதுகைக் காட்டினால் ஒரு விரல் திறந்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு இது கையில் இருக்கிற பழக்கம். ஒரு கையால் பிடியையும் இன்னொரு கையால் கதவின் மேல் விளிம்பையும் பிடித்துக்கொண்டுதான் இறங்குவோம். கையில் இருப்பது வாயில் வராமல் போய்விட்டது.

கீல் செலவில் பாதியைத் தருகிறேன் என்று தனியாக எழுதினேன், வேண்டாம் என்கிறார். அடுத்த முறை வரும்போது தோவாளையிலிருந்து அம்மாவுக்குப் பூ என் கணக்கு.

பையனுக்குப் பதில்: நிற்பதெல்லாம் கெட்டுப்போனது இல்லை. காற்று மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டராவது வீசினால்தான் சுற்றத் தொடங்கும், தொண்ணூறு தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். சிலது பழுது பார்ப்பதற்காக நிறுத்தியது. சில நேரம் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள இடமில்லாமலும் நிறுத்துவார்கள். அடுத்த முறை மூன்று கணக்காக எண்ணட்டும்.

ஆகஸ்ட் 6

ஆடிச் செவ்வாய். ஔவையாரம்மன் கோவிலுக்குக் கொழுக்கட்டைக் கூட்டம். நாலு சவாரி. காற்று கொஞ்சமும் குறையவில்லை. எழுத வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 3

இந்த இழையை முடித்துவிடலாம் என்று இருந்தேன். வள்ளியூர்க்காரர் விடவில்லை. "எல்லாம் சரி அண்ணாச்சி, கணவாய்னா அதுக்கு ஒரு உச்சி இருக்கணும்லா, தண்ணி ரெண்டு பக்கமும் பிரியற எடம். அது எங்கண இருக்கு? எங்க பக்கமா, ஒங்க பக்கமா?"

நல்ல கேள்வி. இந்தப் பக்கம் பெய்வது பழையாற்றில் சேர்ந்து மணக்குடிக் காயலுக்குப் போகிறது. அந்தப் பக்கம் பெய்வது அவர்கள் குளத்துக்கு. நடுவில் எங்கேயோ ஒரு கோடு இருக்கத்தான் வேண்டும். இத்தனை வருஷம் அதன் மேல் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன், எந்த இடம் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இன்னும் மூன்று நாளில் அத்தம், ஓணக் கொண்டாட்டம் தொடங்குகிற நாள். பூ வண்டிகள் திருவனந்தபுரத்துக்கு வரிசை கட்டும், அதற்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று இன்று காலை ஒரு பயணியைக் காவல்கிணற்றில் இறக்கிவிட்டுப் பழைய சாலையில் திரும்பினேன். முப்பந்தலுக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவில், வண்டி வராத ஒரு கிளைப்பாதையில், மேடாகத் தோன்றிய இடத்தில் நின்று நியூட்ரலில் போட்டேன். எந்தப் பக்கம் உருளுகிறதோ அதை வைத்துச் சொல்லிவிடலாம் என்று கணக்கு. கார் மெதுவாகப் பின்னால் போனது. ஆஹா, உச்சி இன்னும் முன்னால் இருக்கிறது என்று ஐம்பது அடி முன்னே போனேன். அங்கேயும் பின்னால்தான் போனது. இன்னும் நூறு அடி. அங்கேயும் பின்னால். இந்தத் தடவை பாதை நன்றாக முன்பக்கம் சரிந்திருப்பது என் கண்ணுக்கே தெரிகிறது. சரிவு இல்லை, காற்று.

சரி, தண்ணீர்தானே பிரிய வேண்டும், தண்ணீரையே கேட்போம் என்று இறங்கி (கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான்) ஒரு பாட்டில் தண்ணீரைத் தாரின் மேல் சாய்த்தேன். ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. முழுவதும் என் வேட்டிக்கு வந்தது. நான் கிழக்குப் பக்கம் நின்றிருந்தேன்.

ஆகவே வள்ளியூர்க்காரருக்கு: இன்றைய கணக்குப்படி உங்கள் பக்கம். மார்கழியில் மறுபடி பார்ப்போம்.